சி, டி, ஈ என்று பிரித்தால் படங்கள் தப்புமா?

உப்புவெளிப் பக்கமிருந்து ஒரு கணித ஆசிரியை எழுதியிருக்கிறார். பெயரும் பாடசாலையும் வேண்டாம் என்று கேட்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். கடிதம் நான்கு பக்கம். சுருக்கம் இது:

2012 இல் வாங்கிய ஒரு மேசைக் கணினி அவரிடம் இருக்கிறது. 500 ஜிபி ஹாட் டிஸ்க். வாங்கும்போதே கடையில் சி, டி, ஈ, எஃப் என்று நான்காகப் பிரித்துக் கொடுத்தார்கள். சி-க்கு 50 ஜிபி. டி-யில் பின்னேர வகுப்பு வினாத்தாள்கள், ஈ-யில் குடும்பப் படங்கள். நான்கு வருடத்துக்கு முன் விண்டோஸ் பழுதாகி ஃபோர்மட் செய்தபோது டி-யும் ஈ-யும் தப்பின. டெஸ்க்டொப்பில் இருந்த தவணைப் பரீட்சைத் தாள்கள் போய்விட்டன. டி-யில் தப்பிய சில தாள்களும் "கெட்டுப்போய்" ஆங்கில எழுத்தாக வந்தன. போன மாதம் புது லப்டொப் வாங்கினார்: 512 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்), விண்டோஸ் 11. திறந்து பார்த்தால் சி மட்டும்தான், அதுவும் 475 ஜிபி. கடைப் பெடியன், "ஒரே டிரைவாக வைத்திருப்பது ஆபத்து ரீச்சர், மூன்றாகப் பிரித்துத் தருகிறேன், 2,500 ரூபா" என்றாராம். கொழும்பிலுள்ள தம்பி, "இந்தக் காலத்தில் யார் பிரிக்கிறார்கள், கை வைக்காதே" என்கிறார். உயர்தரம் படிக்கும் மகனுக்கு, விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான, இலவசமாகக் கிடைக்கும் உபுண்டு வேண்டும். பிரித்தே ஆகவேண்டும் என்று நிற்கிறான். இதற்கிடையில் 1 டிபி வெளி டிஸ்க் ஒன்று வாங்கி, அதை இரண்டாகப் பிரித்து, இரண்டு பக்கத்திலும் அதே படங்களைப் போட்டு வைத்தால் பாதுகாப்பா என்றும் கேட்கிறார்.

ரீச்சர், வணக்கம். கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "பழைய கணினி இப்போது டிக் டிக் என்று சத்தம் போட்டு மெதுவாகத் திறக்கிறது, படங்களை இன்னும் மாற்றவில்லை." பிரிப்பதா வேண்டாமா என்பது அடுத்த மாதமும் கேட்கக்கூடிய கேள்வி. இந்த வரி அப்படியல்ல. அதே ஈ டிரைவில்தான் உங்கள் பெற்றோரின் பழைய படங்களின் ஸ்கான் பிரதிகளும் இருக்கின்றன, மூலப்படங்கள் 2004 சுனாமியோடு போய்விட்டன என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். உலகத்தில் அந்தப் படங்களுக்கு இருக்கிற ஒரே பிரதி, பதின்மூன்று வருடத்துக்கு மேல் சுழன்று, இப்போது சத்தம் போடத் தொடங்கிய ஒரு டிஸ்க்கில் இருக்கிறது.

ஆகவே முதலில் அதைச் செய்யுங்கள். கணினியை நிறுத்தி வையுங்கள். சும்மா போட்டுப் பார்ப்பது, 'செக் டிஸ்க்' ஓட்டுவது, டிஃப்ராக் செய்வது எதுவும் வேண்டாம். நொந்துபோன டிஸ்க்கை அவை இன்னும் ஓடவைக்கும். அடுத்த முறை போடும்போது கையில் வெளி டிஸ்க் தயாராக இருக்கட்டும். முதலில் பெற்றோரின் படங்கள், பிறகு மற்றக் குடும்பப் படங்கள், கடைசியாக வினாத்தாள்கள். வினாத்தாளைத் திரும்ப எழுதலாம். பிரதி எடுக்கும்போது சத்தம் கூடினாலோ ஃபோல்டர் திறக்காமல் நின்றாலோ அந்த இடத்திலேயே நிறுத்தி, தரவு மீட்கிற ஒருவரிடம் கொடுங்கள். டிஸ்க்கை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்று யாராவது சொல்வார்கள். நமது கடற்கரைக் காற்றில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர்ப் போத்தல் எப்படி வியர்க்கிறது என்று பார்த்திருப்பீர்கள். அதே ஈரம் டிஸ்க்கிலும் பிடிக்கும்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம்.

முதலில் ஒரு சின்ன விஷயம். கடைக்காரர் 37 ஜிபியைச் சுருட்டிவிட்டார் என்று நீங்கள் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். பாவம், அந்தக் குற்றத்தை அவர் செய்யவில்லை. டிஸ்க் செய்கிற கம்பனிகள் 1 ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகின்றன. விண்டோஸ் 1024 ஐ மூன்று முறை பெருக்கி எண்ணுகிறது. கணித ரீச்சருக்கு மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை: 512 ஜிபி என்று பெட்டியில் போட்டது விண்டோஸுக்கு 476 சொச்சம். அதிலும் ஒரு துண்டை விண்டோஸ் தன் தேவைக்கு ஒதுக்கிவைக்கிறது. உங்கள் பழைய 500 ஜிபியின் நான்கு டிரைவையும் கூட்டிப் பாருங்கள், 465 தான் வரும்.

அந்த ஒதுக்கலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. உங்கள் டிஸ்க் ஏற்கெனவே பிரிந்துதான் இருக்கிறது. கணினியை எழுப்பும் ஒரு சிறு பகுதி, விண்டோஸ் பழுதானால் மீட்பதற்கு ஒரு பகுதி என்று கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு மூன்று இருக்கும். அவற்றுக்கு சி, டி என்ற எழுத்து இல்லாததால் நாம் காண்பதில்லை. யாராவது "இது என்ன தேவையில்லாத துண்டு" என்று அழிக்கப் புறப்பட்டால் விடாதீர்கள்.

நாலாகப் பிரிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது

கடைப் பெடியன் சொல்வது பொய்யல்ல, பழசு. ஒருகாலத்தில் விண்டோஸுக்கு முந்திய டோஸ் என்ற இயங்குதளம் ஒரு பகுதியில் 32 எம்பிக்கு மேல் பார்க்காது; பிறகு 2 ஜிபி என்ற எல்லை வந்தது. 1996 இல் ஃபாட்32 என்ற புதுக் கோப்புமுறை வரும்வரை பெரிய டிஸ்க் வாங்கியவர் பிரித்தே ஆகவேண்டும். 2 ஜிபி பகுதியில் ஒரு வரிக் கடிதம் எழுதி வைத்தாலும் அது 32 கேபி இடத்தை அடைத்துக்கொண்டு உட்காரும். அதனாலும் சிறிதாகப் பிரித்தார்கள். அப்புறம் ஹாட் டிஸ்க்கின் தட்டில் வெளிவட்டம் வேகமானது, சி அங்கே அமையும் என்பதால் சி-யைச் சிறிதாக்கினால் வேகம் என்ற கணக்கும் இருந்தது. அதில் கொஞ்சம் உண்மை உண்டு.

எஸ்எஸ்டியில் தட்டே இல்லை. "சி-யில் எப்போதும் எழுதுவதால் அந்தப் பகுதி சீக்கிரம் தேய்ந்துவிடும், டி பத்திரமாக இருக்கும்" என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். எஸ்எஸ்டிக்குள் இருக்கும் சிப், எழுதுகிற வேலையை எல்லாக் கலங்களுக்கும் சுற்றிச் சுற்றிப் பகிர்ந்து கொடுக்கும். சி எங்கே முடிகிறது, டி எங்கே தொடங்குகிறது என்பது அதற்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை.

டி டிரைவ் எதிலிருந்து காப்பாற்றும்

ஒன்றே ஒன்றிலிருந்து: விண்டோஸை அழித்துத் திரும்பப் போடும்போது. உங்கள் அனுபவமும் அதுதான். ஆனால் பரீட்சைத் தாள்கள் போனதற்குக் காரணம், டெஸ்க்டொப் என்பது சி-க்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர் என்று யாரும் உங்களுக்குச் சொல்லாததும், அழிக்குமுன் திருத்துகிறவர் அதைத் திறந்து பார்க்காததும்தான். இன்று விண்டோஸிலேயே "என் கோப்புகளை வைத்துக்கொள்" என்று மீளமைக்கும் வழி இருக்கிறது. புரோகிராம்கள் போகும், உங்கள் ஃபோல்டர்கள் இருக்கும்.

"கெட்டுப்போன" வினாத்தாள்கள் கெடவேயில்லை. ஆங்கில எழுத்தும் இடையிடையே அரைப்புள்ளியுமாக வருகிறதென்றால் அவை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டெழுதியவை. எழுத்துரு சி-யில் இருந்தது, ஃபோர்மட்டோடு போனது. பாமினியைத் திரும்ப நிறுவுங்கள், தாள் அப்படியே தமிழில் வரும். நான்கு வருடமாக அவற்றை அழிக்காமல் வைத்திருந்தீர்களே, நல்லது.

வைரஸிலிருந்து டி காப்பாற்றாது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், எழுத முடிகிற எல்லா டிரைவுக்குள்ளும் போகும். பாடசாலைக்குப் பாடசாலை பென் டிரைவில் சுற்றும் 'ஷோர்ட்கட்' வைரஸை நீங்கள் பார்த்திருப்பீர்கள், சி-யோடு நின்றதா? லப்டொப் திருட்டுப் போனாலும், கீழே விழுந்தாலும், மேலே தேநீர் ஊற்றினாலும், எஸ்எஸ்டி செத்தாலும் இதே கதை. டி-யும் அதே துண்டில்தான் இருக்கிறது.

ஆகவே வெளி டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து இரண்டிலும் படங்களைப் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். ஒரே மேசையின் இரண்டு லாச்சியில் காணி உறுதியின் இரண்டு பிரதியை வைப்பது போன்றது அது. கறையான் வந்தால் லாச்சி பார்த்தா அரிக்கும்? அதே காசுக்கு அரைவாசி அளவில் இரண்டு டிஸ்க் வாங்க முடிந்தால் அது ஆயிரம் மடங்கு மேல். ஒன்று உங்கள் வீட்டில், மற்றது வேறு வீட்டில். தம்பி கொழும்பில் இருக்கிறாரே, அடுத்த முறை வரும்போது கையில் கொடுத்துவிடுங்கள். மிக முக்கியமானவற்றை இணையத்திலும் ஏற்றுங்கள். கூகிள் கணக்கில் 15 ஜிபி இலவசம். ஸ்கான் செய்த படங்களுக்கு அது தாராளம். மைக்ரோசொஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் 5 ஜிபிதான் இலவசமாகத் தரும், புது லப்டொப்பில் அது உங்களைக் கேட்டும் கேளாமலும் டெஸ்க்டொப்பை உள்ளே இழுக்கப் பார்க்கும்; நிரம்பிவிட்டது என்று செய்தி வந்தால் பதறி எதையும் அழிக்க வேண்டாம்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருடைய கணினிக்கு விண்டோஸ் போட்டுக்கொண்டிருந்தேன். டிஸ்க்கைச் சரிசமமாக மூன்றாகப் பிரித்திருந்தார்கள். விண்டோஸ் போடும் திரையில் சி, டி என்ற எழுத்து வராது. 'டிஸ்க் 0 பார்ட்டிஷன் 2', 'பார்ட்டிஷன் 3' என்று அளவோடு ஒரு பட்டியல் மட்டும் வரும். மூன்றும் ஒரே அளவு. நான் அழித்தது அவருடைய கலியாணப் படங்கள் இருந்த பகுதியை. அன்றிரவு தூங்கவில்லை. அது ஹாட் டிஸ்க் என்பதால் மறுநாள் மீட்பு மென்பொருள் கொண்டு பெரும்பகுதியை எடுத்துவிட்டேன். அழித்தாலும் மேலே வேறொன்று எழுதும்வரை பழைய தரவு தட்டில் கிடக்கும்.

இன்றைக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. எஸ்எஸ்டியில் ஒன்றை அழித்ததும், இந்த இடம் இனித் தேவையில்லை என்று விண்டோஸ் டிஸ்க்குக்குச் சொல்லிவிடும். அது தன்பாட்டில் துடைத்துவிடும். 'ட்ரிம்' என்று அதற்குப் பெயர். டிஸ்க்கின் ஆயுளுக்கு நல்லது, கைதவறியவருக்குப் பொல்லாதது. "டி-யில் இருக்கிறது, பயமில்லை" என்ற நம்பிக்கை பழைய கணினியில் ஓரளவு தாங்கியது. புது லப்டொப்பில் அதை நம்பி இருக்காதீர்கள்.

பிரித்தால் வரும் தொல்லை

இதற்கு நான் வெளியே உதாரணம் தேட வேண்டியதில்லை, உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "சி எப்போதும் சிவப்பாகவே இருக்கும், அப்டேட் போட இடமில்லை என்று வரும், ஆனால் எஃப் காலியாகக் கிடக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து வருடம் ஒரு பக்கம் நெரிசலும் மறுபக்கம் வெறுமையுமாக இருந்தது எதனால்? 2012 இல் யாரோ ஒருவர் உங்கள் பத்து வருடத் தேவையை ஐந்து நிமிடத்தில் கணித்துக் கோடு போட்டதால். கோடு இல்லாவிட்டால் 465 உம் பொது இடம்.

கோட்டைப் பிறகு நகர்த்தலாமே என்றால், நினைப்பது போல் சுலபமல்ல. சி-யைப் பெருப்பிக்க அதன் வலப்பக்கத்தில் ஒட்டியபடி காலி இடம் வேண்டும். அங்கே டி இருக்கிறது. டி-யைச் சுருக்கினால் இடம் டி-யின் வலப்பக்கத்தில் வரும், சி-க்கு எட்டாது. விண்டோஸோடு வரும் கருவியால் செய்வதென்றால் டி-யில் உள்ளதை எல்லாம் வெளியே எடுத்து, டி-யை அழித்து, பிறகுதான் சி-யை நீட்டலாம். விண்டோஸுக்கே இந்த எல்லைக்கோடு இடைஞ்சல் செய்திருக்கிறது: 2024 ஜனவரியில் வந்த ஒரு அப்டேட், மீட்புப் பகுதி சிறிதாக இருந்ததால் ஏராளமான கணினிகளில் ஏறாமல் நின்றது.

எனவே என் பதில்: பிரிக்க வேண்டாம். தம்பி சொல்வது சரி, காரணத்தைத்தான் அவர் சொல்லவில்லை. சி-க்குள்ளேயே 'வகுப்பு', 'படங்கள்' என்று இரண்டு ஃபோல்டர் போதும். "எனக்கு டி இருந்தால்தான் மனம் ஆறும்" என்றால் அதிலும் பிழையில்லை, பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. அப்போது இரண்டு போதும், மூன்று வேண்டாம். சி-க்கு 250 ஜிபியாவது விடுங்கள், டி-க்கு 'வகுப்பு' என்று பெயரும் வையுங்கள். நான் சொன்ன அந்த விண்டோஸ் திரையில் எழுத்து வராவிட்டாலும் இந்தப் பெயர் வரும். என்னைப் போல ஒருவன் கைதவறாமல் இருக்க உதவும்.

கடையில் கொடுப்பதாக இருந்தால்

அந்த 2,500 ரூபாவுக்கு அவர் என்ன செய்யப்போகிறார் என்று முதலில் கேளுங்கள். சி-யைச் சுருக்கி டி எடுப்பது என்றால் அது 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்ற திரையில் பத்து நிமிட வேலை, மகனே செய்வான். எல்லாவற்றையும் அழித்துப் பென் டிரைவிலிருந்து புதிதாக விண்டோஸ் போடுவது என்றால் மறுத்துவிடுங்கள். லப்டொப்போடு வந்த விண்டோஸுக்கு நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள், அதன் உரிமம் அந்த இயந்திரத்தோடு கட்டுப்பட்டது. அதை விட்டுக் களவுப் பிரதி ஒன்றை ஏற்றினால், வைரஸைக் காசு கொடுத்து வாங்கியதாகிவிடும். வேலைக்கு பில் கேளுங்கள். டிஸ்க்கைத் தொட்டால் உத்தரவாதம் போய்விடும் என்றோ போகாது என்றோ வாயால் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அட்டையில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. புது விண்டோஸ் 11 லப்டொப்பில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். அதைத் திறக்கும் 48 இலக்கச் சாவி, லப்டொப்பை முதலில் ஆரம்பித்தவரின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் போய் உட்காரும். "கடையிலேயே எல்லாம் போட்டுத் தந்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய மின்னஞ்சலில் போட்டார்கள்? செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். அது உங்கள் மின்னஞ்சல் இல்லையென்றால், வேறெதையும் செய்யுமுன் உங்கள் கணக்குக்கு மாற்றி, பூட்டு போட்டிருந்தால் சாவியை உங்கள் கணக்கில் சேமித்து, ஒரு கொப்பியில் எழுதியும் வையுங்கள். இந்தச் சாவி இல்லாமல் பார்ட்டிஷனில் கை வைத்துவிட்டு, நீலத் திரையைக் காட்டிக்கொண்டு வருபவர்களுக்கு என்னால் தேநீர் மட்டும்தான் கொடுக்க முடிகிறது.

மகனின் உபுண்டு

இந்த இடத்தில் மகன் சொல்வது சரி. ஒரே டிஸ்க்கில் விண்டோஸும் உபுண்டுவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டுமென்றால் பிரித்துத்தான் ஆகவேண்டும். உபுண்டு 25 ஜிபி கேட்கும், 60 கொடுத்தால் தாராளம். சுருக்கும் வேலையை விண்டோஸுக்குள்ளிருந்து, சார்ஜர் சொருகியபடி, படங்கள் எல்லாம் வெளியே பத்திரமான பிறகு செய்யட்டும். பைதன் மொழியில் நிரல் எழுதிப் பழகத்தான் என்றால் விண்டோஸே போதும்; பென் டிரைவிலிருந்து உபுண்டுவை ஓட்டியும் பார்க்கலாம், லப்டொப்பில் எதுவும் மாறாது.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் அவனுக்குப் பழைய மேசைக் கணினியைக் கொடுத்துவிடுவேன். அதில் விண்டோஸ் 11 ஏறாது, விண்டோஸ் 10 க்கான இலவச அப்டேட்டுகளும் 2025 ஒக்டோபர் 14 உடன் வழக்கமான முறையில் நின்றுவிட்டன. உபுண்டுவுக்கு அது பெரும்பாலும் போதும். சத்தம் போடும் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சின்னதாக ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள். அதை அவன் பத்தாகப் பிரிக்கட்டும், அழிக்கட்டும், திரும்பப் போடட்டும். பிழை விட்டால் அவனுடைய பாடு. அப்படித்தான் நாங்களும் பழகினோம். உங்கள் வகுப்பு லப்டொப் பாட்டுக்கு ஓடும்.

பழைய டிஸ்க்கிலிருந்து பிரதி எடுக்கும்போது இன்னொன்று: டி-யிலும் ஈ-யிலும் உள்ளவற்றைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். எஃப் "காலியாகக் கிடக்கும்" என்றீர்கள். நான் திருத்திய கணினிகளில் காலி என்று சொன்ன டிரைவில், போனிலிருந்து எப்போதோ இறக்கிவிட்டு மறந்துபோன படங்கள் பலமுறை கிடந்திருக்கின்றன. டிஸ்க்கைக் கழற்றுமுன் அதையும் ஒருக்கால் திறந்து பாருங்கள்.